தொடக் கற்ற கைகள்

நவம்பர் மாதம் பிறந்ததும் நம் பங்குகளின் கல்லறைத் தோட்டங்கள் கலகலப்பாகிவிடுகின்றன. புல் செதுக்குகிறோம், சுண்ணாம்பு அடிக்கிறோம், மலர் தூவி, மெழுகுதிரி ஏற்றி, தீர்த்தம் தெளித்து மன்றாடுகிறோம். மரித்தோரை மறவாத மக்கள் நாம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒருவர் இறந்த நேரத்துக்கும் அவருடைய உடல் பெட்டியில் வைக்கப்பட்டு ஆலயத்துக்கு வரும் நேரத்துக்கும் இடையே நடப்பது என்ன? அதைச் செய்பவர் யார்? அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் யார்? இவற்றை நாம் கேட்பதே இல்லை.

அந்தச் சில மணி நேரத்தைப் பற்றியே முழுநீளத் திரைப்படம் ஒன்று உண்டு. யோஜிரோ தகிதா இயக்கிய ‘ஒகுரிபிடோ’ என்னும் ஜப்பானியப் படம் அது. ‘வழியனுப்பி வைப்பவர்’ என்பது அச்சொல்லின் பொருள். 2008இல் வெளிவந்து, 2009இல் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. நாம் காலந்தாழ்ந்தே அதனைப் பார்த்தோம். பார்த்த பின்னர், அதற்கு ஊற்றாயிருந்த நூலையும் தேடிப் படித்தோம். இரண்டும் நம் உள்ளத்தில் ஆறிப்போயிருந்த ஒரு புண்ணைக் கீறிவிட்டன. அதனை இறுதியில் சொல்வோம். முதலில் படத்துக்கு வருவோம்.

பிணமாகக் கிடந்து பெற்ற பாடம்

டோக்கியோ நகரில் செல்லோ என்னும் நரம்பிசைக் கருவியை வாசித்து வந்த இளைஞன் டைகோ, இசைக்குழு கலைக்கப்பட்டதால் வேலையிழக்கிறான். மனைவி மிகாவுடன் யமகாட்டா மாநிலத்தில் உள்ள தன் சொந்த ஊருக்குத் திரும்புகிறான். செய்தித்தாளில், பயணங்களுக்குத் துணைபுரியும் வேலை என்ற பொருள்பட ஒரு விளம்பரத்தைக் காண்கிறான். சுற்றுலா நிறுவனம் போலும் என்றெண்ணிப் போகிறான். அங்கே இருப்பவர் சசாகி என்னும் முதியவர். விளம்பரத்தில் அச்சுப்பிழை நேர்ந்துவிட்டது என்றும், தம்முடைய தொழில் மறைந்தோரின் பயணத்துக்குத் துணைபுரிவது என்றும் அவர் அமைதியாகச் சொல்கிறார். இறந்தவரைத் துடைத்து, ஆடை அணிவித்து, முகம் திருத்திப் பெட்டியில் வைக்கும் இத்தொழிலுக்கு ஜப்பானில் ‘நோகான்’ என்று பெயர்.

டைகோவின் பயிற்சி தொடங்கும் விதம் கவனிக்கத்தக்கது. அவனுடைய முதல் வேலை எவரையும் தொடுவதன்று, பிணமாகக் கிடப்பது. தொழில் கற்பிப்பதற்கான ஒளிப்பதிவு ஒன்றில் இறந்தவனாக நடிக்க வேண்டும். சசாகி அவன் முகத்தில் சவரம் செய்து காட்டுகிறார். அவன் அசைந்துவிடக் கத்தி கன்னத்தில் பட்டுவிடுகிறது. இயக்குநர் இதனை நகைச்சுவையாகவே காட்டுகிறார். ஆனால், அந்தச் சிரிப்புக்குள் ஓர் உண்மை இருக்கிறது. தன்னைப் பிறர் கையில் முழுவதுமாக விட்டுவிட்டுக் கிடப்பது எப்படி என்பதை அறிந்தவனே, அப்படிக் கிடப்பவரைத் தொடத் தகுதி பெறுகிறான். குருப்பட்டம் பெற்ற நாளில் நாமும் பீடத்தின் முன் முகங்குப்புறக் கிடந்தோம்; புனிதர்களின் மன்றாட்டு மாலை நம்மேல் பாடப்பட்டது. அதுவும் இறந்தவனாகக் கிடந்து கற்ற பாடமே. நாம் அதை எவ்வளவு விரைவில் மறந்தோம் என்பது வேறு.

இரண்டாம் பாடம் கொடியது. தனியே வாழ்ந்து இறந்து, இரண்டு வாரம் எவரும் அறியாமல் கிடந்த மூதாட்டியின் உடலை எடுக்கவேண்டும். டைகோ குமட்டி வாந்தியெடுக்கிறான். பின்பு பொதுக் குளியலகத்துக்குச் சென்று உடம்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறான். மூன்றாம் பாடம் ஒரு வீட்டில் நிகழ்கிறது. ஐந்து நிமிடம் தாமதமாக வந்ததற்காக, இறந்த பெண்ணின் கணவர் சசாகியைக் கடிந்துகொள்கிறார். முதியவர் மறுமொழி பேசவில்லை. வணங்கிவிட்டு வேலையைத் தொடங்குகிறார். குடும்பத்தார் அனைவரும் சுற்றி அமர்ந்து பார்க்க, போர்த்திய துணிக்குள்ளேயே உடலைத் துடைக்கிறார். பழைய ஆடையை நீக்கிப் புதிய ஆடை அணிவிக்கிறார். ஓர் இடத்திலும் உடல் வெளியே தெரிவதில்லை. முகத்தைச் சீராக்குகிறார். அந்தப் பெண் வழக்கமாகப் பூசிக்கொள்ளும் உதட்டுச் சாயம் எது என்று கேட்டு, அதையே வாங்கிப் பூசுகிறார். கடிந்துகொண்ட கணவர் உடைந்து அழுகிறார். பின்னர் வாசலுக்கு வந்து நன்றி சொல்கிறார்.

இக்காட்சிதான் படத்தின் உயிர். பக்தி உள்ளத்தில் முதலில் பிறந்து பின்னர் கைக்கு வருகிறது என்றே நாம் பெரும்பாலும் போதிக்கிறோம். இப்படமோ அதனைத் திருப்பிச் சொல்கிறது. டைகோவுக்கு முதலில் அன்பு வரவில்லை, அருவருப்புத்தான் வருகிறது. அவன் கை ஒழுங்கைக் கற்கிறது. அந்த ஒழுங்கினூடே, நாளடைவில், உள்ளம் கைக்குப் பின்னால் நடந்துவருகிறது. வழிபாட்டுச் சடங்குகளைப் பற்றித் திருச்சபை நெடுங்காலமாக அறிந்திருப்பதும் இதுவே. மண்டியிடக் கற்ற முழங்கால், செபிக்கவும் கற்றுக்கொள்கிறது.

நடிகர் மசாஹிரோ மோட்டோகியும் இப்படித்தான் கற்றார். இளமையில் நம் நாட்டுக்கு வந்து, வாரணாசியில் கங்கைக் கரையில் உடல்கள் எரியூட்டப்படுவதைக் கண்டவர் அவர். இறப்பு, வாழ்வுக்குப் பக்கத்திலேயே மறைவின்றி நடப்பது அவருள் தங்கிவிட்டது. இப்படத்துக்கான முதல் எண்ணமும் அவருடையதே. நோகான் கலைஞர் ஒருவரிடம் தொழிலைக் கற்று, தம் மேலாளரைப் படுக்கவைத்துப் பலமுறை பழகியதாகவும் பதிவுண்டு. திரையில் நாம் காணும் கைகளின் நிதானம் பயிற்சியினால் வந்தது.

நூல் சொல்வதும் படம் சொல்லாததும்

படத்துக்கு ஊற்றான நூல், ஷின்மோன் ஆவோகி 1993இல் வெளியிட்ட நாட்குறிப்பு. டோயாமா பகுதியைச் சேர்ந்த அவர் எழுத்தாளராக விரும்பி, நடத்திய கடை நொடித்துப்போக, குழந்தையின் பாலுக்கும் வழியில்லாத நிலையில் இத்தொழிலுக்கு வந்தவர். உறவினர் அவரைக் குடும்பத்துக்கு இழுக்கு என்றனர். மனைவியும் தொடவிடவில்லை. ஒருநாள் பழைய காதலியின் தந்தை இறந்த வீட்டுக்கே செல்ல நேர்கிறது. அவர் குனிந்து உடலைத் துடைக்கும்போது நெற்றியில் வியர்வை வழிகிறது. அந்தப் பெண் அருகே வந்து அமர்ந்து, அந்த வியர்வையைத் துடைத்துவிடுகிறாள். அவளுடைய கண்ணில் இகழ்ச்சியோ இரக்கமோ இல்லை. அவரை அவராகவே ஏற்கும் பார்வை இருந்தது என்கிறார் ஆவோகி.

அதன்பின் அவர் செய்தது நம்மை வியக்கவைக்கிறது. அதுவரை அழுக்கான பழைய உடையோடு வேலைக்குப் போனவர், மருத்துவர் அணிவது போன்ற வெண்ணிற உடையை வாங்கி உடுத்திச் சென்றார். சொல்லிலும் செயலிலும் கவனம் கொண்டார். விரைவிலேயே வீட்டார் அவரை மதிப்போடு உள்ளே அழைத்தனர். தங்கள் காலம் வரும்போதும் நீங்களே வரவேண்டும் என்று முதியவர்கள் கேட்கத் தொடங்கினர். ஊர் தம்மை இகழ்ந்தது மட்டுமன்று. தாமே தம் தொழிலை இகழ்ந்திருந்தார் என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். பயிற்சியின் முதற்பயன் இதுவே. அது கைத்திறனைத் தருவதற்கு முன், செய்பவனுக்குத் தன்மதிப்பைத் தருகிறது.

இங்கே படத்தின்மீது நமக்குள்ள குறைகளைச் சொல்லவேண்டும். முதலாவது, படம் அழகுக்கு மிகவும் இடங்கொடுத்துவிடுகிறது. ஜோ ஹிசாய்ஷியின் இசை நெஞ்சை உருக்குகிறது. பனி படர்ந்த மலையும் ஆற்றங்கரையும் கண்ணை நிறைக்கின்றன. ஆனால் அந்த மூதாட்டியின் உடலைத் தவிர, நாம் காணும் உடல்களில் பெரும்பாலானவை உறங்குபவை போலத் தூய்மையாக இருக்கின்றன. நூல் அப்படியன்று. பல நாள் கிடந்த உடலிலிருந்து புழுக்களைக் கூட்டி அள்ளியதை ஆவோகி மறைக்காமல் எழுதுகிறார். அப்புழுக்களும் வாழத் துடிக்கும் உயிர்களே என்று உணர்ந்து, அவற்றிலும் ஓர் ஒளியைக் காண்கிறார். அழகானதைத் தொட எவரும் வருவர். பயிற்சி தேவைப்படுவது அழகு போன பின்னர்தான்.

இரண்டாவது குறை இன்னும் பெரிது. இத்தொழிலை ஊர் ஏன் இகழ்கிறது என்பதைப் படம் வெளிப்படையாகச் சொல்வதே இல்லை. மனைவி, “என்னைத் தொடாதே” என்று விலகுகிறாள். நண்பன் முகம் திருப்புகிறான். சாவு வீட்டில் ஒருவர் டைகோவைச் சுட்டிக்காட்டி, இவனைப்போலத்தான் பிழைக்கப்போகிறாயா என்ற பொருளில் இன்னொருவனை ஏசுகிறார். இவையெல்லாம் தனிமனிதரின் கூச்சங்களாகவே நின்றுவிடுகின்றன. உண்மையில் அந்நாட்டில் இறப்போடும் தோலோடும் தொடர்புடைய தொழில்கள் பிறப்பால் ஒதுக்கப்பட்ட மக்கள்மீது தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்டிருந்தன. 1871இல் அரசாணை அவ்வேறுபாட்டைச் சட்டத்தில் நீக்கியும், மனத்திலிருந்து அது எளிதில் நீங்கவில்லை. இதனைப் படிக்கும் தமிழருக்கு மேலும் விளக்கம் வேண்டியதில்லை. நாவிதரையும் வெட்டியானையும் எங்கே நிறுத்தினோம் என்பது நமக்குத் தெரியும். கல்லறைக்குள்ளும் சுவர் எழுப்பிய வரலாறு நம் திருச்சபைக்கும் உண்டு. தீட்டு என்னும் சொல்லின் பின்னால் ஒரு சமூகம் முழுவதும் நிறுத்தப்பட்டிருக்கும்போது, மனைவி ஒருத்தி மனம் மாறுவதோடு கதை முடிந்துவிட முடியாது.

மூன்றாவது குறையை ஆவோகியே கண்டார். அவர் பௌத்தர்; இறப்புக்கு அப்பால் உள்ள ஒளியைப் பற்றித் தம் நூலில் மிகுதியாக எழுதியவர். படமோ அங்கே போகாமல் மனித உறவோடு நின்றுவிட்டது. ஆதலால் தம் பெயரையும் நூலின் பெயரையும் படத்தில் இட அவர் இசையவில்லை. படத்தில் எரியூட்டும் இடத்துப் பணியாளர் ஒருவர் வருகிறார். இறப்பு ஒரு வாயில் என்றும், தாம் அதன் காவலர் என்றும் அவர் சொல்கிறார். அழகான சொல்தான். ஆனால் வாயிலுக்கு அப்பால் யார் காத்திருக்கிறார் என்பதைப் படம் கேட்பதில்லை. கிறிஸ்து பிறப்பு இரவில் டைகோ ‘ஆவே மரியா’ இசைக்கிறான். அதைக் கேட்டு நாம் நெகிழ்ந்தோம். எனினும் அந்த இசையும் அறைக்குள் இருந்த மூவருக்காகவே ஒலித்தது.

நம் முற்றத்தில்

பிறர் நம்பிக்கையில் குறை காண்பது எளிது. உடலின் உயிர்ப்பை நம்புகிறேன் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடும் நாம், அந்த உடலுக்கு என்ன செய்கிறோம்?

நம் மரபு செழுமையானது. நினிவேயில் தோபித்து தம் உயிருக்கு ஏற்பட்ட இடரையும் பொருட்படுத்தாமல் இறந்தோரை அடக்கம் செய்தார். அயலார் அவரை எள்ளி நகையாடினர். யோப்பாவில் தபித்தா இறந்தபோது, அவருடைய உடலைக் கழுவி மேல்மாடியில் கிடத்தினார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் குறிப்பிடுகிறது. பிணத்தைத் தொட்டவர் ஏழு நாள் தீட்டுடையவர் என்பது பழைய சட்டம். நம் ஆண்டவரோ நயீன் ஊர் வாயிலில் பாடையைத் தொட்டார். யாயிரின் மகளைக் கையைப் பிடித்து எழுப்பினார். 303ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்காவின் சிர்த்தா நகரில் உரோமை அதிகாரிகள் ஆலயத்தைச் சோதனையிட்டபோது எழுதிய பதிவில், ஆயர், குருக்கள், திருத்தொண்டர் ஆகியோரோடு கல்லறை தோண்டுவோரும் திருச்சபைப் பணியாளராகக் குறிப்பிடப்பெறுகின்றனர். ஒரு காலத்தில் குழி தோண்டியவர் பீடத்தின் பக்கத்தில் நின்றவர்களுள் ஒருவர்! ஐந்தாம் நூற்றாண்டில் நோலா நகர ஆயர் பவுலீனுஸ் கேட்ட கேள்விக்கு விடையாக, இறந்தோர்க்குச் செய்யவேண்டிய கடமை பற்றிப் புனித அகுஸ்தினார் ஒரு நூலே எழுதினார். தந்தையின் மோதிரமும் ஆடையும் பிள்ளைகளுக்கு அருமையானவை என்றால், அவற்றைவிட நெருக்கமாய் இருந்த உடலை இகழலாமோ என்பது அவருடைய வாதம்.

இவ்வளவும் அறிந்திருந்தும் நாம் செய்த தவறு ஒன்றுண்டு. அதுவே இப்படம் கீறிய புண்.

நாம் முதன்முதலாகப் பங்குத்தந்தையாகப் பொறுப்பேற்ற சிற்றூரில் ஒரு பெரியவர் இருந்தார். சாவு வீட்டில் உடலைக் கழுவ உதவுவதும், தூம்பாவை எடுத்துவருவதும், குழி வெட்டுவதும் அவர் பணி. அவரும் நம் சபையின் மகனே. ஆனால் ஊர்ச் சிறுவர்களும் அவரை ஒருமையில்தான் அழைத்தனர். அடக்கம் முடிந்ததும் எல்லோருக்கும் தேநீர் வரும். அவருக்குத் தனிக் குவளையில் வரும். நாம் அதைப் பார்த்தோம்; ஒன்றும் சொல்லவில்லை. புதிதாய் வந்தவர்கள் பகைத்துக்கொள்ளக்கூடாது என்று நமக்கு நாமே நியாயம் சொல்லிக்கொண்டோம்.

ஓர் ஐப்பசி மழையில் அவர் இறந்தார். ஊரார் உடல்களையெல்லாம் கழுவியவரைக் கழுவ ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. நாம் செபப் புத்தகத்தோடு போய்த் திண்ணையில் நின்றோம். உள்ளே இளைய மகன் ஒரு குடம் தண்ணீரோடு திகைத்து நின்றான். எங்களைக் கண்டதும், “சாமி, எங்கேயிருந்து தொடங்கணும்?” என்று கேட்டான். இறையியல் கல்லூரியில் உடலின் உயிர்ப்பைப் பற்றி ஆண்டுக்கணக்கில் படித்த நமக்கு விடை தெரியவில்லை. பிள்ளைப்பேறு பார்க்கும் மூதாட்டி ஒருவர் மழையில் நனைந்தபடி உள்ளே வந்து, “முகத்திலிருந்து தொடங்குப்பா” என்றார். துணியை நனைத்து அவன் கையில் கொடுத்து, கூடவே அமர்ந்து சொல்லிக்கொடுத்தார். நாம் திண்ணையிலேயே நின்றோம்.

இத்தனை ஆண்டு குருத்துவ வாழ்வில் எத்தனையோ உடல்கள்மீது தீர்த்தம் தெளித்திருக்கிறோம், தூபம் காட்டியிருக்கிறோம். திருமுழுக்கின் நினைவாகத் தீர்த்தம், தூய ஆவியின் கோயில் என்பதால் தூபம் என்று மறையுரையும் ஆற்றியிருக்கிறோம். ஓர் உடலையேனும் கையால் துடைத்ததில்லை.

படத்தின் இறுதியில், டைகோ ஆறு வயதாயிருக்கும்போது அவனைக் கைவிட்டுப் போன தந்தை இறந்துகிடக்கிறார். பெட்டியோடு வந்த பணியாளர் இருவர், ஒரு பொருளைத் தூக்குவது போல உடலைத் தூக்கி உள்ளே வைக்க முனைகிறார்கள். டைகோ அவர்களைத் தடுக்கிறான். தந்தையைக் கொடியவர் என்று வெறுத்தவன், அவருடைய முகத்தையே மறந்தவன், தானே அம்முகத்தைச் சவரம் செய்யத் தொடங்குகிறான். தொடத் தொட, மறந்த முகம் நினைவுக்கு வருகிறது. அப்பணியாளர்களும் கொடியவர்கள் அல்லர். அவர்களுக்கு எவரும் கற்றுக்கொடுக்கவில்லை, அவ்வளவே. அந்தக் காட்சியில் நம் கண்ணுக்குத் தெரிந்தது, குடத்தோடு நின்ற அந்த மகன்தான்.

செய்யத்தக்கது

இப்படம் வெளிவந்தபின் ஜப்பானில் இத்தொழிலைக் கற்க இளைஞர் முன்வந்தனர். அதற்கெனப் பயிற்சிப் பள்ளியும் தோன்றியது. நம் பங்குகளில் பள்ளி எழுப்பத் தேவையில்லை. அன்பியத்துக்கு ஆண்களும் பெண்களுமாக நான்கைந்து பேர் போதும். நம் மறைமாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்றும் செவிலிய அருட்சகோதரிகள் ஒரு நாளில் அடிப்படையைக் கற்பித்துவிடுவர். இறந்த இரண்டு மூன்று மணி நேரத்திலேயே கண்ணிமையிலும் தாடையிலும் விறைப்புத் தொடங்கிவிடுகிறது. ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்தில் உடல் முழுதும் விறைத்துவிடுகிறது. நம் வெயிலில் இது இன்னும் விரைந்து நடக்கும். ஆகவே கண்ணை மூடுவதும், தாடையைத் தாங்கிக் கட்டுவதும், கைகால்களை நேராக்குவதும் முதல் மணி நேரத்துப் பணிகள். இதனை அறியாதவர்கள்தாம் பின்னர் விறைத்த கையை வலிந்து மடக்குகிறார்கள். மெல்ல நீவினால் தளரும் என்பது அவர்களுக்குத் தெரியாது. குளிர்பதனப் பெட்டியில் வைக்குமுன் உடலைத் துடைத்து உலர்த்தவேண்டும். தொற்றுநோயால் இறந்தவராயின் கையுறை முதலிய காப்பு வேண்டும். மருத்துவர் சொல்லைக் கேட்கவேண்டும். பெண்ணைப் பெண்களே கழுவவேண்டும். துணிக்குள்ளேயே துடைக்கும் முறையை அந்த ஜப்பானிய முதியவரிடமிருந்து நாமும் கற்கலாம். பிள்ளைகளில் எவரேனும் தாமே முகம் துடைக்க விரும்பினால் அவர்களுக்கு இடம் விடவேண்டும். உடலைப் பெட்டியில் வைக்கும்போது சொல்லவேண்டிய செபம் 1969ஆம் ஆண்டின் அடக்கச் சடங்கு நூலிலேயே உண்டு. அதைச் சொல்லக் குரு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். இதனைப் பிழைப்பாகச் செய்வோருக்கு உரிய கூலியும், மரியாதைப் பன்மையும், எல்லோரும் குடிக்கும் அதே குவளையும் தரப்படவேண்டும். அன்பியத்தார் தாமே இப்பணியில் கைவைக்கும் நாளில், இது ஒரு சாதியின் தொழில் என்னும் பழி தானாகவே தளரும். பங்குத்தந்தையும் அந்தப் பயிற்சியில் ஒரு மாணவராக அமரவேண்டும். நாம் அமர்வதாக முடிவு செய்திருக்கிறோம்.

இந்த நவம்பரில் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் அன்பர்கள், தங்கள் பெற்றோரின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றியபின், அவர்களைக் கழுவி உடுத்திய கைகள் எவருடையவை என்று ஒருமுறை நினைத்துப் பார்ப்பார்களாக. அவர் உயிரோடிருந்தால் வீடு தேடிச் சென்று நன்றி சொல்வார்களாக. மறைந்திருந்தால், அவருடைய கல்லறை தோட்டத்தின் எந்த மூலையில் இருக்கிறதென்று கேட்டறிந்து, அங்கும் ஒரு திரி ஏற்றுவார்களாக. நாமும் அந்தச் சிற்றூருக்கு ஒருமுறை போய்வர வேண்டியிருக்கிறது.